கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. 2022 ஜனவரி 12 அன்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆனாலும் இடம் கிடைப்பவர் சிலர், கேட்பவர் பலர். நீட் முடிவு வந்த வாரத்திலேயே வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். விளம்பரங்கள் பெற்றோரின் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. பொறியியல் முடித்தவர்களுக்கு இங்கிலாந்து, கனடா, ஜெர்மனி என்று வேறொரு விளம்பரம் வருகிறது.

வெளிநாட்டுப் படிப்பே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. 2024-இல் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் வெளிநாடுகளில் படித்தார்கள். நல்ல பல்கலைக்கழகத்தில், சரியான படிப்பில், தாங்கக்கூடிய செலவில் சேர்ந்தவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் பட்டம் கையில் இருந்தால் மட்டும் வேலை வந்துவிடாது. அந்தத் தொழிலைச் செய்வதற்கான உரிமம், அந்த நாட்டில் வேலை செய்வதற்கான விசா, வங்கியில் கையெழுத்திட்ட கடன் பத்திரம் ஆகிய மூன்றும்தான் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றைப் பற்றிப் படிப்பு முடிந்த பிறகு விசாரிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சேரும் முன்பே விசாரிக்க வேண்டியவை இவை.

உரிமம்: ஆறு வருடத்துக்குப் பின் வரும் தேர்வு

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேசியத் தேர்வு வாரியம் 2002 முதல் இதை நடத்தி வருகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் வரும். ஒரே நாளில் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 150 கேள்விகள், இரண்டரை மணி நேரம். மொத்தம் 300-இல் 150 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

பாதி மதிப்பெண் போதும் என்ற இந்தத் தேர்வில் 2023 ஜூன் பருவத்தில் தேறியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2024 ஜூனில் ஏறத்தாழ இருபது பேர். 2025 ஜூனில் சுமார் 36,000 பேர் எழுதி, சுமார் 6,700 பேர் தேறினார்கள். நல்ல பருவங்களில் இந்த விகிதம் முப்பதை ஒட்டி வருகிறது. தோற்றவர்களில் பெரும்பாலோர் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அதற்கென்று பெருநகரங்களில் பயிற்சி மையம், விடுதி, மாதச் செலவு என்று புதிதாக ஒரு கணக்கு தொடங்குகிறது. இந்தச் செலவு எந்த ஏஜென்ட்டின் பேக்கேஜிலும் எழுதப்பட்டிருக்காது.

மாணவர்களின் அறிவுக் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், கட்டிலில் கிடக்கும் நோயாளி ரஷ்ய மொழியோ, கிர்கிஸ் மொழியோ, சீன மொழியோதான் பேசுகிறார். எங்கே வலி, எத்தனை நாளாக, முதலில் என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டுப் பழகாமலே ஆண்டுகள் போகின்றன. நோய்களும் வேறு. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் டாக்டருக்குப் பாம்புக்கடியும், பூச்சிமருந்து குடித்தவரும், டெங்கு காய்ச்சலும் வழக்கமான வேலை. குளிர் நாட்டு மருத்துவமனையில் ஆறு வருடம் இருந்தும் ஒரு பாம்புக்கடியைக்கூடப் பார்க்காமல் திரும்ப முடியும்.

தேர்வுக்கு உட்காரும் தகுதியே சேரும் நாளில் முடிவாகிவிடுகிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட விதிகள் இப்படி இருக்கின்றன: படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதன் பிறகு அதே வெளிநாட்டுக் கல்லூரியில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். படித்த நாட்டின் குடிமகனுக்கு நிகராக அங்கே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதியையும் பட்டம் தர வேண்டும். பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி. நீட் தேர்ச்சி இல்லாமல் போனால் இவை எதற்கும் வழியே இல்லை.

இந்த விதிகளில் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் உதாரணம். தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான மாணவர்கள் அங்கே போனார்கள். அங்கே முதலில் பி.எஸ். என்ற முன்படிப்பு, பிறகு நான்கு ஆண்டு எம்.டி. இரண்டையும் சேர்த்து ஐந்தரை வருடம், ஆறு வருடம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். முன்படிப்பை மருத்துவப் படிப்பாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. மீதி நான்கு ஆண்டு என்பது 48 மாதம். விதி கேட்பது 54. அந்த ஆறு மாதக் குறைவை உழைப்பாலோ மதிப்பெண்ணாலோ ஈடுகட்ட முடியாது.

போரும் நோயும் வந்தால் சட்டம் இரக்கம் காட்டும் என்றும் நம்பியிருக்க முடியாது. 2020-இல் சீனா எல்லையை மூடியபோது ஊர் திரும்பியிருந்த மாணவர்கள் இரண்டு வருடத்துக்கும் மேல் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் படித்தார்கள். செய்முறைப் பயிற்சிக்கு அது ஈடாகாது என்றது ஆணையம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது அங்கே இருந்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 18,000 பேர். அவர்களில் தமிழ்நாட்டு மாணவர்களும் நிறையப் பேர். இந்தியக் கல்லூரிகளில் இடம் தாருங்கள் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. வேறு நாட்டுக்கு மாறவும், கடைசி ஆண்டில் இருந்தவர்கள் இந்தியாவில் இறுதித் தேர்வை இரண்டு முறைக்குள் எழுதித் தேறவும் மட்டுமே வழி கிடைத்தது. 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியது. அந்த நாட்டில் அப்போது ஏறத்தாழ 15,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். கட்டணம் குறைவு என்று மட்டும் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த மூன்று சம்பவங்களையும் மறக்கக் கூடாது.

கடன்: தவணை தேதி காத்திருப்பதில்லை

மருத்துவப் படிப்பின் கடன் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் ஆறு ஆண்டுக்கு 30 லட்சம் கடன், வட்டி 11 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் ஆறாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 11 லட்சத்து 55 ஆயிரம். வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. அந்த ஓராண்டுக்கு இன்னும் 3 லட்சத்து 30 ஆயிரம் ஏறும். பத்தாண்டில் அடைக்க வேண்டுமானால் மாதத் தவணை ஏறத்தாழ 61,800 ரூபாய்.

இனித் தேதிகளைப் பாருங்கள். ஊர் திரும்பிய மாணவர் அடுத்து வரும் தகுதித் தேர்வு வரை காத்திருக்க வேண்டும். முதல் முறையிலேயே தேறினாலும், மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, பிறகு 12 மாதப் பயிற்சி. அதற்குப் பிறகுதான் நிரந்தரப் பதிவு. எல்லாம் சரியாக நடந்தாலும் ஒன்றரை ஆண்டு போய்விடும். வங்கியின் பொறுமை ஓராண்டில் முடிகிறது. ஆக, முதல் முயற்சியிலேயே வென்ற மாணவரும் டாக்டராகச் சம்பாதிக்கும் முன்பே தவணை கட்டத் தொடங்க வேண்டும். நான்கு முறை எழுதியவர் வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் நம் மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுவாக வங்கி சொத்துப் பிணை கேட்கும். கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பத்திடம் இருப்பது விவசாய நிலம். கடன் திரும்பி வராவிட்டால் சொத்தைக் கைப்பற்ற வங்கிகள் பயன்படுத்தும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் விவசாய நிலத்தைப் பிணையாக எடுக்க வங்கிகள் தயங்குகின்றன. சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, மூலப்பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் வெறுங்கையோடு வருகிறார். பிறகு இரண்டு வட்டி, மூன்று வட்டிக்காரரிடம் போகிறார். இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. 10 லட்சத்துக்கு மாதம் 20,000. ஆறு ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் வட்டியே கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும்.

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைக் காட்டி, பிணை இல்லாமல் கடன் கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திட்டம் இந்தியாவிலுள்ள தரவரிசை பெற்ற நிறுவனங்களில் படிப்பவர்களுக்கானது. வெளிநாட்டுப் படிப்புக்கு அது செல்லாது.

கடன் ரூபாயில், கட்டணம் டாலரில். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 74 ரூபாய். 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. 10,000 டாலர் கட்டணத்துக்கு அன்று 7 லட்சத்து 40 ஆயிரம் போதுமாக இருந்தது. கல்லூரி ஒரு டாலர்கூட ஏற்றாமலே அது 9 லட்சமாகிவிட்டது. பல ஆண்டுப் படிப்புக்குத் திட்டமிடுகிறவர்கள் இன்றைய மதிப்பில் மட்டும் கணக்குப் போடக் கூடாது.

விசா: சேரும்போது ஒரு விதி, முடிக்கும்போது ஒரு விதி

முதுகலைக்குப் போகிறவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் ஓராண்டு முதுகலையில் சேர்ந்த மாணவர் அன்று பார்த்த விதிப்படி, திறன்சார் வேலை விசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 26,200 பவுண்டு இருந்தால் போதும். 2024 ஏப்ரலில் அது 38,700 ஆனது. அவர் படிப்பை முடித்தது அதற்குப் பிறகு. 2025 ஜூலை 22 முதல் 41,700. புதிதாக வேலையில் சேருபவர்களுக்குச் சலுகை வரம்பு உண்டு. அதுவும் இதே காலத்தில் 20,960-லிருந்து 33,400-க்கு ஏறிவிட்டது. படித்த பிறகு வேலை தேடித் தங்கும் காலம் இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். படிக்கும்போது கணவரையோ மனைவியையோ உடன் அழைத்துச் செல்லும் வசதி, ஆய்வு மாணவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 2024 ஜனவரியில் நின்றுபோனது.

கனடாவில் முதலாண்டுச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரி 1 அன்று 10,000 டாலரிலிருந்து 20,635 கனடிய டாலராக ஒரே நாளில் இரட்டிப்பானது. 2025 செப்டம்பரில் 22,895 ஆனது. அரசுக் கல்லூரியின் பெயரில் தனியார் கல்லூரி நடத்தும் படிப்புகளில் 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடையாது. 2024 நவம்பர் 1 முதல் மாணவர் அனுமதி கோரிய கல்லூரி டிப்ளமோ மாணவர்களுக்கு, குறிப்பிட்ட பாடத்துறைகளில் படித்திருந்தால்தான் அந்த அனுமதி. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகவும், அடுத்த ஜூலையில் 2,000 ஆகவும் உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது.

"பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாம்" என்று பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் பாடம் நடக்கும் வாரங்களில் 20 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு இருக்கிறது. அமெரிக்காவில் வளாகத்துக்குள் மட்டும், அதுவும் 20 மணி நேரம். இந்த வருமானம் சாப்பாட்டுக்கும் வாடகையில் ஒரு பகுதிக்கும் உதவும். கல்விக் கட்டணத்தைச் சுமக்காது. வரம்பை மீறி வேலை பார்த்துப் பிடிபட்டால் விசாவே போகும்.

ஏஜென்ட் யாருடைய ஆள்?

நம் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் ஏஜென்ட் என்ற ஆள் புதியவர் இல்லை. மலைவாழ் மக்களின் கையில் முன்பணம் கொடுத்து, வேலை என்ன என்று முழுதாகச் சொல்லாமல், செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கு ஆள் கூட்டிப்போன தரகர்களை இந்த வட்டாரம் அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுடப்பட்டு இறந்த 20 பேரும் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். அனுப்பிவைத்தவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள். கல்விக் கன்சல்டன்சிகளை அவர்களோடு சேர்த்துப் பேசுவது நியாயமாகாது. நேர்மையாக வழிகாட்டுகிறவர்களும் உண்டு. ஆனாலும், அழைத்துப் போகிறவருக்குப் பணம் வருவது எங்கிருந்து என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே.

பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏஜென்ட்டுக்குக் கமிஷனாகத் தருகின்றன. மாணவரிடமும் சேவைக் கட்டணம் வாங்கப்படுகிறது. கமிஷன் அதிகம் தரும் கல்லூரியைத்தான் முதலில் காட்டுவார்கள். மாணவர் சேர்ந்ததும் ஏஜென்ட்டின் வருமானம் முடிந்துவிடும். பட்டம் வேலை தந்ததா என்பது அவருடைய கணக்கில் இல்லை.

சட்டப் பாதுகாப்பும் குறைவு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி மத்திய அரசில் பதிவு செய்ய வேண்டும். மாணவர்களை அனுப்புகிறவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. பஞ்சாப் 2012-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து கல்வி ஆலோசகர்களுக்கும் உரிமம் கட்டாயம் என்றது. அந்தப் பஞ்சாபிலேயே ஓர் ஏஜென்ட் தந்த போலி அனுமதிக் கடிதங்களோடு கனடா போன மாணவர்கள், ஆண்டுகள் கழித்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது மாட்டிக்கொண்டார்கள். 2023-இல் அவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். கடிதம் போலி என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

இரண்டு பழக்கங்களை உடனே நிறுத்த வேண்டும். ஒன்று, மூலச் சான்றிதழ்களை ஏஜென்ட்டிடம் ஒப்படைப்பது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் கையை விட்டுப் போனால், மனம் மாறினாலும் வெளியே வர முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. இரண்டு, வங்கி இருப்பைக் காட்டுவதற்கு ஏஜென்ட் வட்டிக்குத் தரும் பணம். இங்கிலாந்து விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளுக்கு யாரோ ஒருவரின் பணத்தைப் போட்டு எடுத்து, வட்டியும் கட்டி, விமானம் ஏறுகிறார்கள். இறங்கிய முதல் மாதம் கையில் எதுவும் இருக்காது. இருப்பு போலி என்று கண்டறியப்பட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு, பத்தாண்டு வரை தடையும் வரலாம்.

கல்லூரி உண்மையானதா என்று பார்க்க ஏஜென்ட் தேவையில்லை. இங்கிலாந்து உள்துறை, மாணவர் விசாவுக்கு அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. கனடாவில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரிக்கும் டி.எல்.ஐ. எண் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு படிப்புக்கும் கிரிகோஸ் குறியீடு உண்டு. ஜெர்மனிக்கு அனாபின் தரவுத்தளமும், டாட் என்னும் அரசு சார்ந்த கல்விப் பரிமாற்ற அமைப்பும் இருக்கின்றன. மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் எச்சரிக்கை அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். திரும்பி வந்து இங்கே அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக நினைப்பவர்கள் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கான புதிய விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் வெளியிட்டது. கிளைக் கல்லூரி என்ற பெயரில் வேறொருவர் நடத்தும் படிப்புகளுக்கு அந்தச் சான்று கிடையாது.

கல்வராயன் மலைக்கு உள்ள வழி

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர்தான் பெரும்பான்மை. 2025-இல் மலையின் சேலம் பக்கம், கருமந்துறை அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஐ.ஐ.டி. மெட்ராஸில் இடம் பிடித்தார். அதே திறமையோடு இன்னும் பலர் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் இன்னாட்டிலும் படிக்கிறார்கள். நிலத்தை விற்காமல் வெளிநாடு போக அவர்களுக்கு வழி இருக்கிறது. அது சரியாகச் சொல்லப்படாததுதான் வருத்தம்.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் முதுகலை, ஆய்வுப் படிப்புகளுக்கு உதவி பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. வருமான வரம்பு 6 லட்சம். ஆனால் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 இடங்கள்தான். தாட்கோ ஆங்கில மொழித் தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறது.

இவற்றைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டிய முதல் செய்தி, இரண்டு உதவித்தொகைகளும் பிளஸ் டூ முடித்ததும் போகும் இளநிலைப் படிப்புக்கு இல்லை என்பது. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இவை வரா. "எஸ்.டி. என்றால் அரசு கட்டிவிடும்" என்று யாராவது சொல்லி முன்பணம் கேட்டால், அது பொய். இங்கேயே இட ஒதுக்கீட்டில், அரசுக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் முடித்து, பிறகு அரசுப் பணத்தில் முதுகலைக்கு வெளிநாடு போவதே மலைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான பாதை.

இரண்டாவது, சான்றிதழ். 'மலையாளி' என்ற பிரிவு பழைய தென்னாற்காடு உட்படக் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டுமே பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, மெய்த்தன்மை ஆய்வு என்று காலம் பிடிக்கும். பல்கலைக்கழக அனுமதி வந்த பிறகு சான்றுக்கு அலைந்தால் உதவித்தொகையின் கடைசித் தேதி போய்விடும். கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போதே சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருக்க வேண்டும். அப்பா, தாத்தா பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் இன்னும் ஆறு மாத அலைச்சல்.

மூன்றாவது, பட்டியலில் பெயர் வந்ததும் விமானச் சீட்டு வாங்கிவிடாதீர்கள். 2025 ஜூலையில் பட்டியலினத்தவருக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. ஒப்புதல் கடிதம் வரும்வரை கடன் வாங்கி முன்பணம் கட்டுவது ஆபத்து.

போகிறவர்கள் பலன் பெற

எல்லாம் பார்த்து, கணக்குப் போட்டு, போவதென்று முடிவு செய்தவர்கள் முதல் மாதத்திலிருந்தே வேலையை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஓராண்டு முதுகலை என்பது நடைமுறையில் ஒன்பது, பத்து மாதம். பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளை எடுக்கும் வேலையைப் படிப்பு தொடங்கிய இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்துவிடும். பட்டமளிப்புக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தவர்கள் அந்தச் சுற்றைத் தவறவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையத்தில் முதல் வாரமே பெயர் கொடுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். பயிற்சிப் பணி உள்ள படிப்பு, இல்லாத படிப்பு என்று இரண்டு இருந்தால், ஆறு மாதம் கூடினாலும் பயிற்சிப் பணி உள்ளதையே எடுங்கள்.

மொழியை இங்கேயே படியுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். படித்த பின் வேலை தேட 18 மாதம் தங்கலாம். ஆனால் ஜெர்மன் மொழி தெரியாதவருக்கு வேலைச் சந்தையின் பெரும்பகுதி மூடியே இருக்கும். ஐ.டி.ஐ., டிப்ளமோ, நர்சிங் முடித்தவர்களுக்கு 'ஆஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சியில் மாத ஊதியத்தோடு படிக்கும் வழி இருக்கிறது. அதற்கு வேண்டியது மொழித் தேர்ச்சியும் ஒரு நிறுவனத்தின் பயிற்சி ஒப்பந்தமும். அதற்கு லட்சக்கணக்கில் கேட்பவரை நம்ப வேண்டாம். 1978-இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். போர் வரும், கலவரம் வரும், விசாச் சிக்கல் வரும். பெயர் பட்டியலில் இருப்பவரைத் தேடுவது தூதரகத்துக்கு எளிது.

இனிப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன், உங்கள் பிள்ளை சேரப்போகும் படிப்பை முடித்த மறுநாள் எந்த நாட்டில், எந்த வேலைக்குச் சட்டப்படி தகுதி பெறுவார், அதற்கு இன்னும் எத்தனை தேர்வு, எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்று கேளுங்கள். எந்த விதியின்படி என்று அதன் பெயரோடும் தேதியோடும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்த விதியை நீங்களோ, பிள்ளையின் ஆசிரியரோ அரசின் தளத்தில் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.